அடுத்த மனை

தில்லையைப் பாடிய புலவர்களுள் இரட்டையர்க்குத் தனியிடம் உண்டு. ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தம் தோளில் மற்றவரைச் சுமந்து நடப்பார். தோளில் இருப்பவர் வழி சொல்லிக்கொண்டே வருவார். வெண்பாவின் முன்னிரண்டு அடிகளை ஒருவர் தொடங்க, பின்னிரண்டு அடிகளை மற்றவர் பாடி முடிப்பார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அவர்கள் நமக்குத் தந்தவை. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்த நான் இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகங்களில் ஒரு மலர்ச்சியைக் கண்டிருக்கிறேன். ஒரு மாணவி மட்டும் வேறொன்றைக் கேட்டாள். "அவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், ஐயா?" பாடிய தலங்களை இலக்கிய வரலாறு சொல்கிறது, பாராட்டிய வள்ளல்களையும் சொல்கிறது. யார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின் அந்தக் கேள்வி வேறு உருவத்தில் என் வீட்டு வாயிலுக்கு வந்தது.

நான் வசிக்கும் கீரப்பாளையம், சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் உள்ளது. வீராணத்து நீரை நம்பி நெல் விளைவித்த பகுதி. இன்று சாலையோரத்து வயல்களுக்கு நடுவே எல்லைக்கற்கள் முளைத்திருக்கின்றன. பணிக்கொடையாகக் கிடைத்த பணத்தை அப்படியே கொடுத்து மனை வாங்கியவர்கள், வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று ஈட்டிய பணத்தைத் தவணைதவணையாக அனுப்பி வீடு கட்டியவர்கள், நகைகளை விற்றுத் தளம் போட்டவர்கள் என எங்கள் மனைப்பிரிவில் உள்ளோர் பலவகையினர். ஏழை எளிய நடுத்தரக் குடும்பத்துக்கு மனை என்பது வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருள். அதைக் குறித்த அச்சத்தை எள்ளி நகையாடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

இங்கே பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றை ஓர் அறக்கட்டளை வாடகைக்கு எடுத்து, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உடைய குழந்தைகளுக்குப் பகல்நேரச் சிறப்புப் பள்ளி நடத்தப்போவதாகச் செய்தி பரவியது. காலையில் வந்து மாலையில் திரும்பும் இருபத்தைந்து குழந்தைகள். செய்தி பரவிய மூன்றாம் நாள் மனு ஒன்று புறப்பட்டது. பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் அதை என்னிடம் கொண்டுவந்தார். என்னிடம் படித்தவரல்லர் எனினும், ஆசிரியராக இருந்தவன் என்ற மதிப்பில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். "படித்துப் பார்த்துச் சொல்கிறேன், தம்பி" என்று ஒரு படியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மாவட்ட ஆட்சியருக்கு எழுதப்பட்ட அந்த மனு பண்பாகவே தொடங்கியது. இத்தகைய பள்ளிகள் நாட்டுக்கு மிகவும் தேவை என்பதில் தங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை என்றது. அடுத்த சொல், 'ஆனால்.' இடைச்சொல் தனித்து இயங்காது என்று இலக்கணத்தில் கற்பித்திருக்கிறேன். இந்த மனுவில் அந்த ஓர் இடைச்சொல்தான் மற்ற எல்லாச் சொற்களையும் இயக்கியது. தெரு குறுகலானது, பள்ளி வண்டிகள் வந்தால் நெரிசல் ஏற்படும். கழிவுநீர் வடிகால் இல்லை. தாழ்வான பகுதியாதலால் மழைக்காலத்தில் நீர் சூழும், அக்குழந்தைகளுக்கே ஆபத்து. முதியோர் அஞ்சுகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களைக் கேலி செய்யக்கூடும், அல்லது கண்டு மிரளக்கூடும். மனைகளின் விலை வீழ்ந்துவிடும். ஆகவே ஊருக்கு வெளியே, வெள்ளாற்றுப் பக்கம் ஒதுக்குப்புறமான இடம் பார்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்த வேண்டும்.

கையெழுத்திட்டவர்களை நான் அறிவேன். அவர்களுள் ஒருவர் தம் பேரனின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் இத்தகைய குழந்தைகளின் இல்லம் ஒன்றுக்கு மதிய உணவு வழங்குபவர். தாமே பரிமாறிவிட்டுத்தான் வருவார். அவருடைய இரக்கம் பொய்யன்று. காணாதோர்க்கும் கேளாதோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் அமுதசுரபியிலிருந்து சோறளித்த மணிமேகலையின் மரபில் வந்தவர்கள் நாம். அன்னமிடுதல் நம் குருதியில் ஊறியது. ஆயின் அன்னமிட்ட கை அன்று மாலையே வீடு திரும்பிவிடுகிறது. கொடுத்தவர் ஓரிடத்திலும் பெற்றவர் வேறோரிடத்திலும் உறங்குகிறார்கள். அண்டை வீட்டாராதல் என்பது நாள்தோறும் நிகழ்வது. காலையில் வாசல் தெளிக்கும்போது முகம் பார்ப்பது. நம் அறநூல்கள் ஈகையைப் பேசிய அளவுக்கு இதைப் பேசவில்லையோ என்று எனக்கொரு மனக்குறை உண்டு.

மனுவை மறுமுறை வாசித்தபோது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பழைய வழக்கொன்று நினைவுக்கு வந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் கிளிபர்ன் என்பது ஒரு சிறு நகரம். அங்கே 1980ஆம் ஆண்டு, அறிவுசார் குறைபாடுடைய ஆண்களும் பெண்களுமாகப் பதின்மூன்று பேர் கண்காணிப்பில் சேர்ந்து வாழ்வதற்காக ஒரு வீடு வாங்கப்பட்டது. தனி அனுமதி பெற வேண்டும் என்றது நகர நிருவாகம். அனுமதி கேட்டபோது, நகர மன்றம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் மறுத்தது. அது சொன்ன காரணங்கள் கடல் கடந்து எங்கள் தெருவுக்கு நடந்து வந்தவை போல இருந்தன. அருகில் மனை வைத்திருப்போர் விரும்பவில்லை. முதியோர் அஞ்சுகிறார்கள். எதிரே பள்ளிக்கூடம், மாணவர் இவர்களைத் துன்புறுத்தலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய நிலம். ஒரே வீட்டில் இத்தனை பேரா?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985 ஜூலை 1ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. நீதிபதிகள் ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து ஓர் எளிய உரைகல்லில் உரசிப் பார்த்தனர். வெள்ள அச்சம் உண்மையெனில், அதே நிலத்தில் முதியோர் இல்லமோ மருத்துவமனையோ கட்ட ஏன் தனி அனுமதி கேட்கப்படவில்லை? நெரிசல் உண்மையெனில், அத்தனை பேர் தங்கும் மாணவர் விடுதியை அங்கு அமைக்க ஏன் தடையில்லை? எதிரே உள்ள பள்ளியைப் பற்றிய பதில்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பள்ளியிலேயே அறிவுசார் குறைபாடுடைய மாணவர் ஏறத்தாழ முப்பது பேர் முன்பிருந்தே படித்துக்கொண்டிருந்தார்கள். வரக்கூடாது என்று யாரைப் பற்றி அஞ்சினார்களோ, அவர்களைப் போன்றோர் அங்கேதான் இருந்தார்கள். அக்கம்பக்கத்தாரின் வெறுப்பும் ஆதாரமற்ற அச்சமும் ஒருவரை வேறுபடுத்தி நடத்துவதற்குத் தக்க காரணங்கள் ஆகா என்று கூறி, கிளிபர்ன் நகரம் கேட்ட தனி அனுமதி செல்லாது என்றது நீதிமன்றம்.

மறுநாள் மாலை அந்த இளைஞர் வந்தபோது இதே உரைகல்லை மனுவின் மேல் வைத்துப் பார்த்தோம். தெரு குறுகல் என்பது உண்மை. ஆயினும் அடுத்த தெருவில் தனிப்பயிற்சி நிலையம் நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கே நிற்கும் மிதிவண்டிகளையும் இருசக்கர வண்டிகளையும் கடந்து ஓர் ஆட்டோ நுழைய முடியாது. அதற்கு எதிராக மனு எழுந்ததில்லை. சாலையோரத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாள்களில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே நம்மை எழுப்பிவிடும். அதற்கும் இல்லை. வெள்ளம்? 2015ஆம் ஆண்டு நவம்பரில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. ஆயினும் அதற்குப் பின்னர்த்தான் இந்த மனைகளில் பாதி விற்பனையாயின. "வடிகால் இல்லாதது மெய்தானே சார்?" என்றார் அவர். மெய்தான். பள்ளி வந்தாலும் வராவிட்டாலும் மெய்தான். அதற்கு மனு எழுத வேண்டிய முகவரி வேறு.

"நில விலைக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அவருடைய குரல் அப்போது தாழ்ந்திருந்தது. அவர் மேல்தளம் கட்டுவதற்காக வங்கிக் கடன் வாங்கியிருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு நேரான விடை தரக்கூடிய ஊர் ஒன்று தென்கொரியாவில் இருக்கிறது. தலைநகர் சியோலின் காங்சோ வட்டாரத்தில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு தொடக்கப் பள்ளி வளாகத்தில், சிறப்புப் பள்ளி ஒன்றைக் கட்டக் கல்வித்துறை முடிவு செய்தது. அப்பகுதிக் குழந்தைகள் பலர் தொலைவிலுள்ள சிறப்புப் பள்ளிகளுக்கு நாள்தோறும் நெடுநேரம் பயணம் செய்துவந்தனர். குடியிருப்போர் எதிர்த்தனர். அந்த இடத்தில் கொரிய மரபு மருத்துவமனை வரவேண்டும் என்றனர். கொரியாவின் புகழ்பெற்ற அரண்மனை மருத்துவர் ஹோ ஜூனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் வட்டாரம் அது; எனவே கோரிக்கை ஊர்ப்பெருமையின் உடையை அணிந்திருந்தது. அடியில் இருந்தது மனைவிலை குறித்த அச்சமே. 2017 செப்டம்பர் 5ஆம் நாள் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கூச்சல் மிகுந்தது. அப்போது மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்மார் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, எதிர்ப்போர் முன்னிலையில் முழந்தாளிட்டனர். எங்களை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள், பள்ளியை மட்டும் விடுங்கள் என்பதே அவர்களின் வேண்டுகோள். நாடகம் ஆடுகிறார்கள் என்று ஏளனம் செய்தோரும் அந்த அரங்கில் இருந்தனர்.

அந்த நிழற்படம் கொரியாவை உலுக்கியது. எனக்கோ அதைப் பார்த்தபோது உருக்கத்தைவிடச் சினமே மிகுந்தது. கல்வி ஒரு குழந்தையின் உரிமை என்று சட்டம் சொல்லும் நாட்டில், அதற்காக ஒரு தாய் அண்டை வீட்டாரின் முன் மண்டியிட வேண்டியிருந்தது. மண்டியிட்ட காட்சியைக் கண்டு மனமிரங்கிப் பள்ளியை அனுமதித்தார்கள் என்றால், அதுவும் ஒருவகை அன்னதானம்தானே? எவ்வாறாயினும் சோஜின் பள்ளி என்ற பெயரில் அது 2020 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. மனைவிலையைப் பொறுத்தவரை, அந்நாட்டுக் கல்வித்துறையின் ஏற்பாட்டில் நடந்த ஆய்வொன்று 167 சிறப்புப் பள்ளிகளைச் சுற்றியுள்ள நிலமதிப்பை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டிருந்தது. பள்ளிக்கு அண்மையிலுள்ள நிலத்துக்கும் சற்றுத் தள்ளியுள்ள நிலத்துக்கும் விலையேற்றத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அம்முடிவு.

சியோல் எங்கே, கீரப்பாளையம் எங்கே என்று அந்த இளைஞர் கேட்டிருந்தால் அது ஞாயமான கேள்விதான். ஆகவே அண்மையில் இருக்கும் ஊரையும் சொன்னேன். பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்தோர்க்கும் பார்வையற்றோர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றிவிட்டன. கல்வி நகரம் என்று அவ்வூர் பெற்ற பெயருக்கு அப்பள்ளிகளால் இழுக்கு நேரவில்லை; அப்பெயரில் அவற்றுக்கும் பங்குண்டு. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ஆம் ஆண்டு ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று பரந்த வளாகமாக விரிந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி அவ்வளாகத்தில் உண்டு. ஆய்க்குடி என்ற சிற்றூரின் பெயரை நாடறிந்ததும் அதனால்தான்.

மனுவின் கடைசி வரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே, ஒதுக்குப்புறமாக என்பது இரக்கமான மாற்று ஏற்பாடு போலத் தோன்றும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் மனநோயாளிகள், நாம் பேசுவது அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளைப் பற்றி. இரண்டும் வேறு வேறு. ஆனாலும் தமக்காகப் பேச இயலாதவர்களை ஊரார் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் என்ன நேரலாம் என்பதற்கு ஏர்வாடி சான்று. ஓர் அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். அண்டை வீட்டார் நாள்தோறும் பார்க்கிறார்கள். குழந்தையின் அழுகுரல் வழக்கத்துக்கு மாறாகக் கேட்டால் எட்டிப் பார்த்து, 'என்னம்மா?' என்று கேட்கும் ஒரு பாட்டியைக் காட்டிலும் சிறந்த காவல் உண்டோ?

பள்ளியை வரவேற்போர் எதையும் கேட்கக் கூடாது என்பது என் கருத்தன்று. கேட்க வேண்டியவை நிறைய உண்டு. அரசின் ஏற்பு இருக்கிறதா? ஆசிரியர்கள் சிறப்புக் கல்வியில் பயின்று முறைப்படி பதிவு பெற்றவர்களா? வகுப்புகள் தரைத்தளத்தில் நடக்குமா, சாய்தளம் அமைப்பார்களா? தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வாயில் எங்கே? குழந்தைகளை அடிப்பதில்லை என்பதற்கு என்ன உறுதி? வியப்பு என்னவெனில், அந்த மனுவில் இவற்றுள் ஒன்றுகூட இடம்பெறவில்லை. குழந்தைகளிடமிருந்து தெருவைக் காக்க எழுதப்பட்ட மனுவில், குழந்தைகளைக் காக்கும் கேள்விகளுக்கு இடமிருக்க முடியாதுதான்.

இன்னொரு தரப்பையும் மறைக்கக் கூடாது. தனிப்பள்ளி என்பதே ஒதுக்கிவைத்தலின் மற்றொரு வடிவம், எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் அமர வேண்டும் என்று மாற்றுத்திறனாளர் உரிமைக்காகப் பாடுபடுவோர் பலர் வாதிடுகின்றனர். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்குமேல் குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை அளிக்கிறது. ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையங்களின் வழியே சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் செல்கிறார்கள். பொதுப்பள்ளிகள் முழுமையாக அணியமாகும் நாள் வரட்டும். அதுவரை ஒரு குழந்தை எட்டு வயதில் காத்திருக்க முடியாது. அதற்கு ஒன்பது வயதாகிவிடும்.

சிதம்பரத்துக்கு இது புதிய கேள்வியும் அன்று. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளின் கதவு திறக்காத காலத்தில், சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு அங்கே ஓமக்குளத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சாதியும் உடற்குறையும் ஒன்றல்ல. ஒன்றன் வலியைக் கொண்டு மற்றொன்றை அளப்பது தவறு. எனினும், 'பள்ளி இருக்கட்டும், ஆனால் இங்கே வேண்டா' என்ற குரல் இந்த மண்ணுக்குப் பழக்கமானது என்பதை நினைவிற்கொள்ளலாம்.

நான் கையெழுத்திடவில்லை. மனு மற்ற வீடுகளுக்குச் சென்றது. எங்கள் மனைப்பிரிவின் கடைசித் தெருவில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்மணியை நான் பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன். காலை ஏழரை மணிக்குப் பதினொரு வயது மகனை இடுப்போடு அணைத்தபடி சிதம்பரம் பேருந்தில் ஏறுவார். அவருக்கும் சிறுவனுக்கும் பயணச்சீட்டுக்குக் காசில்லை; அரசு அதைச் செய்திருக்கிறது. மகனை வகுப்பில் விட்டபின் வீட்டுக்கு வந்து மீண்டும் செல்ல நேரம் போதாது. எனவே மாலை வரை அங்கேயே தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார். திரும்பி வரும்போது நாலரை மணி. நன்றாகத் தையல் தெரிந்தவர். இயந்திரம் வீட்டில் உறைபோட்டு மூடிக்கிடக்கிறது. ஒருமுறை பேச்சுவாக்கில், "அவன் ஒருத்தன் படிக்க ரெண்டு பேர் பள்ளிக்கூடம் போறோம் சார்" என்று சிரித்தார்.

பிறகு நடந்ததை அந்த இளைஞரே என்னிடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மூன்று பேராக அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே அழைத்து உட்கார வைத்தார் அந்த அம்மாள். தண்ணீர் கொடுத்தார். அவருடைய மகன் வந்து, இவர் கையிலிருந்த எழுதுகோலைப் பார்த்தவாறு மிக அருகில் நின்றான். நின்றவன் நகரவில்லை. எழுதுகோலைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு, மனுவின் பின்பக்கத்து வெற்றிடத்தில் வட்டம் வட்டமாக வரையத் தொடங்கினான். நான்கு ஆண்டுகளாக அந்தத் தெருவில் ஒரு சிறுவன் இருப்பது மூவருக்கும் தெரியாது. "என்ன விஷயமாக வந்தீங்க தம்பி?" என்று அந்த அம்மாள் கேட்டாராம். வடிகால் விஷயமாகக் கையெழுத்து வாங்க வந்தோம் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

வடிகாலுக்கான மனு இப்போது ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. அதில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த அம்மாளும் இட்டிருக்கிறார். பள்ளிக்கு எதிரான மனுவைப் புதிதாக எழுதி வேறு சிலர் எடுத்துச் செல்வதாகக் கேள்விப்படுகிறேன். பழைய படி அந்த இளைஞரிடமே இருக்கிறது.